இரண்டு பேட்டரிக் கணக்கு: கம்பியில்லாக் கைக்கருவிகளும் விரைவுச் சார்ஜரின் வரலாறும்

கம்பியில்லாக் கைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மோட்டாரின் வரலாறாகவோ பேட்டரியின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. துளையிடும் டிரில்லும் திருகாணி முடுக்கும் ஸ்குரூடிரைவரும் தம்மைச் சுவரோடு பிணைத்திருந்த கம்பியை எப்போது அறுத்துக்கொண்டன என்பதே அதில் முதன்மையான கேள்வியாக இருக்கிறது. பட்டறை மூலையில் கிடக்கும் சார்ஜருக்கு அங்கே துணைப்பொருள் என்ற அளவில் மட்டுமே இடம் கிடைக்கிறது. தொழிலாளியின் வேலைநாளை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இந்த வரிசை மாறிவிடும். தச்சர் ஒருவரிடம் இரண்டு பேட்டரிகள் உள்ளன எனக் கொண்டால், ஒன்று கருவியில் தீர்வதற்குள் மற்றொன்று சார்ஜரில் நிரம்பிவிட வேண்டும். நிரம்பிவிட்டால் வேலை நிற்காது, நிரம்பாவிட்டால் அவர் மறுபடியும் கம்பியுள்ள கருவியைத்தான் எடுப்பார். கம்பியில்லாக் கருவி வீட்டுப் பெட்டியிலிருந்து கட்டுமானத் தளத்துக்கு வந்த கதை, இந்த இரண்டு பேட்டரிக் கணக்கு நேரான கதையே.

கையில் பிடித்து இயக்கும் மின்துளைப்பான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருவாகிவிட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இயங்கிய ஃபைன் நிறுவனம் 1895இல் மின்மோட்டார் பொருத்திய கைத்துளைப்பானைச் செய்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் ஆகிய இருவரும் 1910இல் தொடங்கிய பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், துப்பாக்கிப் பிடியும் விரலால் இழுக்கும் விசையும் கொண்ட துளைப்பானுக்கு 1917இல் காப்புரிமை பெற்றது. இன்றைய டிரில்லின் உருவம் அதிலேயே வந்துவிட்டது. தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்களும் அப்போது புதியவை அல்ல. பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே ஈய-அமிலக் கலத்தை 1859இலும், ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் நிக்கல்-காட்மியம் கலத்தை 1899இலும் உருவாக்கியிருந்தனர். மோட்டாரும் கலமும் இருந்தும் அவை ஒரே கருவிக்குள் சேர அறுபது ஆண்டுகளுக்கு மேலானது. அக்காலக் கலங்களில் திரவ மின்பகுபொருள் தளும்பிக்கொண்டிருந்தது. மின்னேற்றத்தின்போது எழும் வாயு வெளியேறத் திறப்பும் தேவைப்பட்டது. கூரையைத் துளைக்க மேல்நோக்கியும் தரையைத் துளைக்கக் கீழ்நோக்கியும் திருப்பப்படும் கருவிக்குள் அப்படிப்பட்ட கலத்தை வைக்க இயலாது. நேர்முனையில் எழும் ஆக்சிஜனை எதிர்முனையே உறிஞ்சிக்கொள்ளுமாறு அமைத்து, நிக்கல்-காட்மியம் கலத்தை முழுமையாக மூடும் முறை 1940களின் இறுதியில் கைகூடிய பிறகே அந்தத் தடை நீங்கியது.

1961இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல்-காட்மியம் கலங்களால் இயங்கும் துளைப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பியுள்ள துளைப்பான்கள் 250 வாட் அளவில் இயங்கிய காலத்தில், இந்தக் கலங்களிலிருந்து சுமார் 20 வாட்டுக்கு மேல் பெற முடியவில்லை. அந்நிறுவனம் பின்னர் அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்காகச் சில கருவிகளை வடிவமைத்தது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையைத் துளைக்கப் பயன்படுத்திய துளைப்பானும் பேட்டரியால் இயங்கியதே. கம்பியில்லாக் கருவியே விண்வெளித் திட்டத்தின் கொடை என்னும் பரவலான நம்பிக்கை இதிலிருந்து தோன்றியது. ஆண்டுகளின் வரிசையே அதை மறுத்துவிடுகிறது. நிலவுத் துளைப்பானில் இருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி; அதன் வேலை ஒரு பயணத்தோடு முடிந்துவிட்டதால், மறுநாள் காலைக்குள் அதை நிரப்பியாக வேண்டும் என்ற கவலை அங்கே எழவே இல்லை. தரையில் இருந்த தச்சருக்கோ அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

மின்னேற்றம் ஏன் அவ்வளவு மெதுவாக நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கலத்தின் கொள்ளளவிலிருந்து தொடங்க வேண்டும். கொள்ளளவு ஆம்பியர்-மணி என்னும் அலகால் குறிக்கப்படுகிறது; 1.2 ஆம்பியர்-மணிக் கலம் 1.2 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரவல்லது. அந்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை, அதாவது 0.12 ஆம்பியரை, ஏற்றிக்கொண்டிருப்பதே தொடக்ககால வழக்கம். ஏற்றும் மின்சாரம் முழுவதும் கலத்தில் தங்காது என்பதால் கணக்குப்படியான பத்து மணி நேரம் நடைமுறையில் 14 முதல் 16 மணி நேரமாக நீண்டது. இந்த மெதுவான வேகத்துக்கு ஒரு நன்மையும் இருந்தது. கலம் நிரம்பிய பிறகும் சார்ஜரை அணைக்க மறந்துவிட்டால், உபரி மின்சாரம் ஆக்சிஜனாக மாறும். பத்தில் ஒரு பங்கு வேகத்தில் அந்த ஆக்சிஜனை எதிர்முனை உறிஞ்சித் தீர்த்துவிடும், பிறக்கும் சிறு வெப்பமும் காற்றில் கலைந்துவிடும். ஆகவே அக்காலச் சார்ஜருக்கு அறிவு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மின்மாற்றியும் ஒரு டையோடும் ஒரு மின்தடையும் போதும். அதே கலத்தை ஒரு மணி நேரத்தில் நிரப்ப முயன்றால் மின்னோட்டம் பத்து மடங்குக்கு மேலாகிறது. நிரம்பிய கணத்தில் நிறுத்தாவிட்டால் ஆக்சிஜன் உறிஞ்சும் வேகத்தை மிஞ்சி எழுகிறது, உள்ளழுத்தம் ஏறுகிறது, பாதுகாப்புத் திறப்பு வழியே வாயுவும் மின்பகுபொருளும் வெளியேறிக் கலம் நிரந்தரமாகக் கொள்ளளவை இழக்கிறது. அதிக மின்னோட்டம் தரும் மின்மாற்றியைச் செய்வது எளிது. எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பதுதான் விரைவுச் சார்ஜரின் முழுச் சிக்கலாக இருந்தது.

தொழிற்கருவிச் சந்தையில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காணும் தூண்டுதலில் ஜப்பானுக்குப் பெரும்பங்கு உண்டு. 1915இல் நகோயா நகரில் தொடங்கப்பட்ட மகிடா நிறுவனம், 1978இல் 6010டி என்னும் 7.2 வோல்ட் துளைப்பானை நிக்கல்-காட்மியம் பேட்டரியுடன் வெளியிட்டது. நீண்ட குச்சி போன்ற அதன் பேட்டரி கைப்பிடிக்குள் செருகப்பட்டது. தீர்ந்தால் உருவி எடுத்து வேறொன்றைச் செருகலாம். ஒவ்வொரு கலமும் 1.2 வோல்ட் தருவதால் ஆறு கலம் 7.2 வோல்ட், எட்டுக் கலம் 9.6 வோல்ட் என்று அடுக்கப்பட்டது. பிற்காலத்தில் பெட்டிகளின் மேல் அச்சான 12, 14.4, 18 ஆகிய எண்களும் பத்து, பன்னிரண்டு, பதினைந்து கலங்களின் கூட்டுத்தொகையே. பேட்டரியைக் கழற்ற முடிந்ததே இரண்டு பேட்டரிக் கணக்கின் தொடக்கம். கலங்கள் கருவிக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தவரை மின்னேற்றும் நேரமெல்லாம் கருவி முடங்கிக் கிடந்தது. கழன்றபின் கருவி ஓய்வதில்லை, பேட்டரிகள் மட்டும் முறைவைத்து ஓய்கின்றன. அந்த முறை சுழல 15 மணி நேரச் சார்ஜர் உதவாது என்பதால், 1980களில் ஒரு மணி நேரச் சார்ஜர்கள் தொழிற்கருவிகளுடன் சேர்ந்தே விற்பனைக்கு வந்தன.

நிறுத்தும் கணத்தைக் கண்டுபிடிக்கச் சார்ஜர்கள் கையாண்ட முறைகள் ஒவ்வொன்றும் கலத்தின் இயல்பை மேலும் நுட்பமாக வாசித்தவை. முதலாவது முறை மிக நேரடியானது: பேட்டரிக்குள் கலங்களை ஒட்டி ஒரு வெப்ப விசை வைக்கப்படும், கலம் நிரம்பிச் சூடேறியதும் இரு உலோகத் தகடு வளைந்து சுற்றை அறுத்துவிடும். நிக்கல்-காட்மியம் கலம் நிரம்பும் வரை அதிகம் சூடேறுவதில்லை, நிரம்பியபின் ஏறும் மின்சாரமே வெப்பமாக மாறுகிறது என்னும் இயல்பு இதற்கு உதவியது. ஆனால் வெயிலில் கிடந்த பேட்டரி நிரம்பாமலே விசையைத் தட்டிவிடும். குளிரில் கிடந்ததோ நிரம்பி நெடுநேரம் கழித்தே தட்டும். அடுத்து வந்த முறை மின்னழுத்தத்தைக் கவனித்தது. மின்னேறும்போது கலத்தின் மின்னழுத்தம் மெல்ல உயர்ந்து, நிரம்பிய நிலையில் உச்சத்தைத் தொட்டு, பிறகு வெப்பத்தின் காரணமாகச் சற்றே இறங்கும். விரைவு மின்னேற்றத்தில் கலமொன்றுக்கு அந்த இறக்கம் 10 முதல் 20 மில்லிவோல்ட் அளவே. ஏறத்தாழ ஒன்பது வோல்ட்டில் நிற்கும் ஆறு கல பேட்டரியில் பத்தில் ஒரு வோல்ட் அளவான சரிவை இரைச்சலுக்கு நடுவே பிரித்தறிய வேண்டியிருந்ததால், சார்ஜருக்குள் ஒப்பிடும் மின்சுற்றும் பின்னர் நுண்செயலியும் நுழைந்தன. நெடுநாள் பயன்படாமல் கிடந்த கலம் மின்னேற்றத்தின் தொடக்கத்திலேயே ஒரு பொய் உச்சத்தைக் காட்டும்; அதில் ஏமாறாமல் இருக்க முதல் சில நிமிடங்களின் அளவீடுகளைப் புறக்கணிக்கும் ஒழுங்கும் சேர்ந்தது. மூன்றாவது முறை வெப்பநிலையை விட்டு வெப்பநிலை ஏறும் வேகத்தை அளந்தது: நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் என்னும் வேகத்தில் சூடு ஏறத் தொடங்கினால் கலம் நிரம்பிவிட்டது என்று பொருள். இதற்காக பேட்டரிக்குள், வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் வைக்கப்பட்டு, அதன் முனை தனியாக வெளியே கொண்டுவரப்பட்டது. நேர், எதிர் என்று இரண்டே தகடுகள் இருந்த பேட்டரியின் முகத்தில் மூன்றாவதாக ஒரு தகடு தோன்றிய அந்த மாற்றம், பேட்டரி தன் நிலையைச் சார்ஜரிடம் தானே தெரிவிக்கத் தொடங்கியதன் அடையாளம். அடுத்த முப்பது ஆண்டு வளர்ச்சியும் அந்தச் சிறு தகட்டின் வழியாகவே நடந்தது.

இதே காலத்தில் தொழிலாளர்களிடையே ஒரு பழக்கம் வேரூன்றியது. நிக்கல்-காட்மியம் கலத்தை முழுவதும் தீர்க்காமல் மின்னேற்றினால் அது குறைந்த அளவையே நினைவில் வைத்துக்கொள்ளும் என்ற கருத்து பரவி, மாலையில் வேலை முடிந்ததும் விசையை நாடாவால் கட்டி மோட்டாரைச் சுழலவிட்டு பேட்டரியை அடிவரை காலிசெய்வது பலரின் வழக்கமாயிற்று. நினைவு விளைவு என்னும் அந்நிகழ்வு, ஒரே அளவில் மீண்டும் மீண்டும் மின்னிறக்கமும் மின்னேற்றமும் நிகழ்ந்த சூழல்களில் காணப்பட்டது உண்மையே. ஒரு நாள் கதவுக்கும் மறுநாள் அலமாரிக்கும் ஓடிய டிரில்லில் அத்தகைய ஒழுங்கு இருக்க வாய்ப்பே இல்லை. மாறாக, பேட்டரியை அடிவரை காலிசெய்தபோது, தொடராக இணைக்கப்பட்ட கலங்களில் வலுக்குறைந்தது முதலில் தீர்ந்துவிட, மற்றவை தள்ளும் மின்னோட்டம் அதைத் தலைகீழாக்கிக் கெடுத்தது. நோய்க்கு மருந்து என்று நம்பிச் செய்யப்பட்ட செயலே பேட்டரிகளைக் கொன்றிருக்கிறது என்பது இந்தத் தொழில் வரலாற்றில் வருந்தத்தக்க பகுதி. பேட்டரியின் ஆயுளை உண்மையில் குறைத்தவை சூடும் மிகைமின்னேற்றமும்தான். பழி நினைவு விளைவின் மேல் விழுந்தது.

1990களில் மின்னழுத்தப் போட்டி மூண்டது. 12 வோல்ட், 14.4 வோல்ட், 18 வோல்ட் என்று கருவிகள் வளர்ந்தன. அதே பத்தாண்டில் கருவிகளுக்குள் நுழைந்த நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலம் அதிகக் கொள்ளளவு தந்தபோதும் சார்ஜருக்குக் கடினமான வாடிக்கையாளராக இருந்தது. மின்னேற்றம் முழுவதுமே அது சூடேறியது, உச்சத்துக்குப் பின்னான சரிவும் மிகச் சிறியது. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் விதியில் கையடக்க பேட்டரிகளில் அதைத் தடைசெய்தபோது, கம்பியில்லாக் கைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு 2016 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதற்குள் கருவித் தொழில் லித்தியத்துக்கு மாறிவிட்டிருந்தது.

லித்தியம்-அயனி கலத்தை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படைகளை அமைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஒளிப்பதிவுக் கருவிக்கும் மடிக்கணினிக்கும் போதுமாக இருந்த அக்கலம், டிரில் இழுக்கும் பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும் நிலைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலானது. 2003இல் போஷ் நிறுவனத்தின் இக்சோ என்னும் சிறு ஸ்குரூடிரைவரிலும், 2005இல் மில்வாக்கி நிறுவனத்தின் 28 வோல்ட் கருவிகளிலும் அது இடம்பெற்றது. மகிடா அதே 2005இல் தன் 18 வோல்ட் வரிசையைத் தொடங்கியது; டிவால்ட் 2006இல், லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் கலங்களைக் கொண்டு 36 வோல்ட் கருவிகளை வெளியிட்டது.

சார்ஜர் செய்வோருக்கு இந்த மாற்றம் பழைய கேள்வியை நீக்கிப் புதிய கேள்வியைத் தந்தது. லித்தியம்-அயனி கலத்தில் நிறுத்தும் கணத்தைத் தேடவேண்டியதில்லை. பெரும்பாலான வகைகளில் கலத்துக்கு 4.2 வோல்ட் என்பதே எல்லை, ஐந்து கலம் தொடரும் 18 வோல்ட் பேட்டரிக்கு அது 21 வோல்ட். முதலில் மாறாத மின்னோட்டத்தை ஏற்றி, மின்னழுத்தம் அந்த எல்லையைத் தொட்டதும் அதை அங்கேயே நிறுத்திப் பிடித்து, மின்னோட்டத்தைத் தானாகத் தேயவிடுவதே வழக்கமான முறை. குடத்தின் கழுத்து வரை குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, வாய்க்கருகே வந்ததும் சொட்டுச் சொட்டாக நிரப்புவதை இது ஒத்தது. அதனால்தான் 80 விழுக்காடு வரை விரைந்து ஏறும் பேட்டரி எஞ்சியதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. எல்லை தெரிந்துவிட்டபின் எஞ்சிய கேள்வி, எவ்வளவு வேகம் வரை போகலாம் என்பது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் அயனிகள் எதிர்முனைக்குள் நுழைய இயலாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகின்றன. அளவுக்கு மீறிய மின்னோட்டமும் அதையே செய்கிறது. அந்தப் படிவு கொள்ளளவைத் தின்பதோடு உட்குறுக்குச் சுற்றுக்கும் வழிவகுக்கும். மறுபுறம், சூட்டில் கலத்தின் மின்பகுபொருள் சிதைகிறது. கலத்தின் உட்தடையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நிகராக ஏறுவதால், 3 ஆம்பியரில் மின்னேற்றுவதை 9 ஆம்பியருக்கு உயர்த்தினால் வெப்பம் மூன்று மடங்காக அல்லாமல் ஒன்பது மடங்காகிறது.

இந்தக் கணக்குக்கு விடையாக வந்தது காற்றாடி. மகிடாவின் டிசி18ஆர்சி சார்ஜரை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் மேற்பரப்பில் மின்தகடுகளோடு காற்று வெளியேறும் ஒரு திறப்பும் தெரியும். பேட்டரியைத் தளத்தில் சறுக்கிச் செருகியதும் பேட்டரியின் அடியிலுள்ள திறப்பு அதன்மேல் பொருந்த, சார்ஜருக்குள் சுழலும் காற்றாடி கலங்களுக்கு இடையே காற்றைச் செலுத்துகிறது. பேட்டரிக்குள் இருக்கும் சிறு சில்லு, அதன் நிலையைச் சார்ஜருக்குத் தெரிவிக்கிறது. அதற்கேற்ப மின்னோட்டமும் மின்னழுத்தமும் கட்டுப்படுத்தப்படுகின்றன. வேலையிலிருந்து சூடாக வந்த பேட்டரியாக இருந்தால் அது முதலில் குளிர்விக்கப்படும், மின்னேற்றம் பிறகே தொடங்கும். 9 ஆம்பியர் வரை தரும் இந்தச் சார்ஜர் 3 ஆம்பியர்-மணி பேட்டரியை 22 நிமிடத்திலும், 5 ஆம்பியர்-மணி பேட்டரியை 45 நிமிடத்திலும் நிரப்புகிறது. நிரம்பியதும் பயனர் தேர்ந்தெடுத்துவைத்த மெட்டு ஒலிக்கிறது. ஓசை நிறைந்த தளத்தில் வேலைசெய்பவர் திரும்பிப் பாராமலே பேட்டரி மாற்றும் நேரத்தை அறிய இது உதவுகிறது. 1980களின் ஒரு மணி நேரச் சார்ஜர், ஆறு கலத்தில் 9 வாட்-மணிக்கும் குறைவான ஆற்றலை நிரப்பியது. இது 45 நிமிடத்தில் நிரப்புவது 90 வாட்-மணி. மணிக்கணக்கை மட்டும் பார்ப்போருக்குச் சிறியதாகத் தோன்றும் முன்னேற்றம், ஆற்றல் கணக்கில் பத்து மடங்குக்கும் மேலானது.

சார்ஜரைத் தேர்ந்தெடுப்போர் இன்று எதிர்கொள்ளும் எண்களை இந்த வரலாற்றின் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் நிமிடங்கள் ஒரு குறிப்பிட்ட பேட்டரிக்கு உரியவை. ஆம்பியரே ஒப்பிடத்தக்க எண். 18 வோல்ட் பேட்டரிகளில் சிறியது ஐந்து கலங்களின் ஒற்றை வரிசை, பெரியது இணையாக அமைந்த இரண்டு அல்லது மூன்று வரிசை. 8 ஆம்பியரை 2.5 ஆம்பியர்-மணி கொண்ட ஒற்றை வரிசைக்குச் செலுத்தினால் ஒவ்வொரு கலமும் அந்த 8 ஆம்பியரை முழுதாகத் தாங்க வேண்டும். 5 ஆம்பியர்-மணி கொண்ட இரட்டை வரிசையில் அது கலத்துக்கு 4 ஆம்பியராகப் பிரிந்துவிடும். நேர்மையாக வடிவமைக்கப்பட்ட சார்ஜர் பேட்டரியின் அடையாளத்தை வாசித்துச் சிறியதற்கு மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், சிறு பேட்டரிகளை மட்டும் வைத்திருப்பவர் 12 அல்லது 16 ஆம்பியர் சார்ஜருக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஈடான வேகத்தைப் பெறுவதில்லை. மலிவான மாற்றுச் சார்ஜர்கள் சிலவற்றில் வெப்பத்தைத் தெரிவிக்கும் தகடு எதனோடும் இணைக்கப்படாமல் ஒப்புக்கு நிற்கிறது. அவை அரை நூற்றாண்டு அனுபவத்தைப் புறக்கணித்து, பேட்டரியின் குரலைக் கேளாமலே மின்சாரத்தைச் செலுத்துகின்றன. இந்தக் குறையை எவ்வளவு குறைந்த விலையும் ஈடுசெய்யாது. உறவினர் வழியாக அமெரிக்காவிலிருந்து வரும் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தால், இந்தியாவின் 230 வோல்ட் இணைப்பில் அது பழுதாகிவிடும். தமிழ்நாட்டில் கத்திரி வெயில் காலத்தில் வேலூர், திருத்தணி போன்ற ஊர்களில் காற்றின் வெப்பநிலையே 40 டிகிரியைத் தாண்டுகிறது. பல சார்ஜர்களின் இயக்க எல்லையும் ஏறத்தாழ அதுவே என்பதால், அங்கே காற்றாடியுள்ள சார்ஜரை நிழலில் வைப்பது, அதிக ஆம்பியர் உள்ளதை வெயிலில் வைப்பதைவிட விரைவாக பேட்டரியைத் திருப்பித்தரும்.

கலங்களின் பக்கத்திலும் மாற்றம் நிற்கவில்லை. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கலத்தின் இடத்துக்கு 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது வந்தது. அண்மை ஆண்டுகளில், மின்முனைச் சுருளின் ஓரிடத்தில் ஒட்டிய ஒற்றை நாக்குக்குப் பதிலாகச் சுருளின் விளிம்பு முழுவதும் மின்சாரத்தைக் கடத்தும் கலங்கள் கருவி பேட்டரிகளில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. மின்சாரம் கடக்கும் வழி குறுகுவதால் உட்தடை குறைகிறது, சூடும் குறைகிறது. காற்றாடி வெளியேற்றிவந்த வெப்பத்தின் ஒரு பகுதி இனிப் பிறப்பதே இல்லை என்பதால், மின்னேற்றும் வேகத்துக்கு இருந்த எல்லையும் தளர்ந்துவருகிறது.

வேதியியல் இவ்வாறு ஒன்றுபட்டபோதும் சார்ஜரின் தளம் ஒன்றுபடவில்லை. பல நிறுவனங்களின் பேட்டரிகளுக்குள் ஒரே அளவுக் கலங்கள் இருந்தும், சறுக்குத் தடங்களின் இடைவெளியும் தகடுகளின் வரிசையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. முதல் சார்ஜரை வாங்குபவர் அதன்பின் வாங்கும் ஒவ்வொரு கருவியின் நிறுவனத்தையும் அன்றே தேர்ந்துவிடுகிறார். 1996இல் ரியோபி தன் 18 வோல்ட் வரிசையைத் தொடங்கி, பின்னர் வந்த கருவிகளிலும் அதே பொருத்தத்தை விடாமல் காத்தது வாடிக்கையாளருக்குச் செய்த பெரும் நன்மை. ஆயினும் அது ஒரே நிறுவனத்துக்குள் அடங்கிய நன்மை. 2018இல் மெட்டாபோவை மையமாகக் கொண்டு பல நிறுவனங்கள் ஒரே பேட்டரியையும் சார்ஜரையும் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. 2020இல் போஷ், கார்டெனா உள்ளிட்டவை வீட்டு, தோட்டக் கருவிகளுக்கும், 2022இல் போஷ் தலைமையில் வேறு சில நிறுவனங்கள் தொழிற்கருவிகளுக்கும் அத்தகைய கூட்டணிகளை அமைத்தன. தொழிற்கருவிச் சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கும் மகிடா, டிவால்ட், மில்வாக்கி ஆகியவை இவற்றில் எதிலும் சேரவில்லை. அதனால் ஒரே கட்டடத்தில் வேலைசெய்யும் தச்சரும் மின்பணியாளரும் குழாய்ப் பணியாளரும் ஒரே சுவரில் மூன்று சார்ஜர்களைத் தனித்தனியே செருகிவைக்கும் நிலை நீடிக்கிறது.